ரெண்டு மொட்டைக்கும் சந்தனம்

குரோம்பேட்டையில் ரயில் ஏறிக் காட்டாங்குளத்தூரில் இறங்குகிறவன் நான். அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முப்பத்தாறு வயது வரைக்கும் ரயிலில் எங்கே உட்காருவது என்று யோசித்ததே இல்லை. அதற்குப் பிறகு காலிப் பெட்டியிலும் நின்றுகொண்டே போக ஆரம்பித்தேன். உட்கார்ந்தால் எதிரில் நிற்பவருக்கு என் உச்சந்தலை தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்தால், இடது காதுக்கு மேலிருந்து வாரி வலது பக்கம் படுக்கவைத்த முடியைக் காற்று எழுப்பிவிடும். அதனால் காற்று வராத இடமாகப் பார்த்து நிற்பேன். அந்த இடத்தில் என்னைப் போலவே இன்னும் இரண்டு பேர் தினமும் நின்றார்கள். மூன்று பேரும் சிரித்துக்கொள்வோம், ஆனால் ஒருவர் தலையை ஒருவர் பார்க்க மாட்டோம்.

விஷயம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது ஒரு வீடியோவில்தான். எங்கள் கல்லூரியில் பாடங்களைப் படம் பிடித்து மாணவர்களுக்காக ஏற்றிவைப்பார்கள். வகுப்பறை படிப்படியாக உயர்ந்துகொண்டு போகும். கேமரா கடைசி வரிசைக்கு மேலே இருக்கும். ஒரு நாள் என் பாடத்தைச் சரிபார்க்கத் திறந்தேன். திரையில் இருந்த ஆள் குனிந்து சாக்பீஸ் எடுத்தபோது, யாரோ வயதான புரொபசர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால், கேமரா வைத்தவர் மேல் கோபப்பட்டேன்.

அதன் பிறகு தலைக்குச் செய்யக்கூடியதை எல்லாம் செய்தேன். சின்ன வெங்காயச் சாற்றைத் தடவிக்கொண்டு ஒரு மாதம் ரயிலில் போனேன். பக்கத்தில் நின்றவர்கள் யாருடைய டிபன் பாக்ஸ் திறந்துகொண்டது என்று தங்கள் பைகளைத் தடவிப் பார்த்தார்கள். கரிசலாங்கண்ணி எண்ணெய் தலையணை உறைகளைப் பச்சையாக்கியது, முடியை ஒன்றும் செய்யவில்லை. தாம்பரத்தில் ஒரு கடையில் விக் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்தவர் நல்லவராகத்தான் இருந்தார். ஆனால் அவரை எனக்குப் பழக்கமில்லை. என் மனைவி எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசியில் வாயைத் திறந்தாள். "எனக்கு உங்க தலை ஓகேதாங்க. உங்களுக்கு ஓகே இல்லன்னா ஒழுங்கா ஒரு டாக்டரைப் பாருங்க. சாம்பாருக்கு வெங்காயம் மிச்சம் வைங்க."

டாக்டரிடம் போகாமல் இருந்ததற்குக் காரணம் பயமில்லை, என் வாய்தான். என் தங்கையின் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம், அவள் கணவரின் அண்ணன் முடி நட்டுக்கொண்டார் என்று தெரியவந்தது. மேடவாக்கத்தில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவரை எதிரில் வைத்துக்கொண்டே நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். தலைக்கு உள்ளே இருப்பதுதான் முக்கியம், வெளியே இருப்பதற்கு ஊசி போட்டுக்கொள்வது பைத்தியக்காரத்தனம் என்றெல்லாம் பேசினேன். அவர் தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். அப்போது எனக்கு முடி இருந்தது. முடி உள்ளவனுக்கு அந்தப் பேச்சு சுலபமாக வரும்.

ஆகவே, டாக்டரைப் பார்ப்பதாக ஆனபோது, மனைவியைத் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் அந்தத் தோல் டாக்டர் இருந்தார். நான் நினைத்ததுபோல் உடனே கத்தியை எடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்தார். தலையில் தடவ ஒரு மருந்தும் சாப்பிட ஒரு மாத்திரையும் கொடுத்து, பக்க விளைவுகளையும் ஒளிக்காமல் சொல்லி, எட்டு மாதம் கழித்து வரச் சொன்னார். எட்டு மாதத்தில் கொட்டுவது குறைந்தது. போனது திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் நடுவதைப் பற்றிப் பேசினார். பின்மண்டையில் இருக்கும் முடி சாகும்வரை நிற்கிற வகை. அதை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நடுவார்கள், அவ்வளவுதான். புதிதாக ஒரு முடிகூட உண்டாகாது, இடம்தான் மாறும். நட்டதும் ஒரு மாதத்தில் கொட்டிவிடும், வேர் மட்டும் உள்ளே இருந்து பிறகு முளைக்கும், முழுதாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும் என்றார். எங்கள் கல்லூரி அட்மிஷன் விளம்பரங்களில்கூட இவ்வளவு உண்மை கிடையாது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஒரே சிக்கல், நடுவதற்கு முன்னால் தலை முழுவதையும் மழித்துவிடுவார்கள். எனக்கு அது சிக்கலாகவே தோன்றவில்லை. நம் ஊரில் மொட்டைத் தலையை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். செமஸ்டர் விடுமுறையில் செய்துகொண்டு, கல்லூரியில் திருப்பதி போய்வந்தேன் என்று சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. முடி விஷயத்தில் சாமியை இழுக்காதீங்க என்றாள். நான் சிரித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். மரத்துப்போகப் போடும் ஊசிகள்தான் வலித்தன; மற்றபடி எட்டு மணி நேரம் குப்புறவும் மல்லாந்தும் படுத்திருந்ததுதான் வேலை. இரண்டு நர்ஸ்கள் என் தலைக்கு மேலே, சீரியலில் வரும் மாமியார் செய்தது சரியா தவறா என்று விவாதித்துக்கொண்டே நட்டார்கள். மத்தியானம் தயிர் சாதம் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் என் பழைய சொற்பொழிவு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தபின் என் தலை ஒரு கைக்குழந்தை ஆகிவிட்டது. பாதி உட்கார்ந்த நிலையில்தான் தூங்க வேண்டும். மணிக்கொரு தரம் உப்புத் தண்ணீரைத் தூவ வேண்டும். நான்காம் நாள் முதல் குளிக்கும்போது, மனைவி நுரையை மட்டும் எடுத்துத் தலையில் வைத்து, மக்கில் தண்ணீரை மெல்ல ஊற்றினாள். பத்து நாள் வரைக்கும் யார் கையும் படக்கூடாது, ஒன்றும் தடவக்கூடாது என்று பெரிய நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை, முகம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தபோது தங்கை போன் செய்தாள். தை மாதம் வைத்திருந்த குழந்தையின் மொட்டை, காதுகுத்து இரண்டையும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே வைத்துவிட்டார்களாம். மாப்பிள்ளையை ஆபீசில் திடீரென்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட வேண்டும், காது குத்த வேண்டும். அவளுக்கு அண்ணன் என்று இருப்பது நான் ஒருவன். வரமுடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போனை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன். ஞாயிறு ஒன்பதாம் நாள்.

இந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதம் நிறைவதற்கு முன்னாலேயே பிறந்தவள். மூன்று வாரத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அம்மா அப்போதே தங்கையோடு மேடவாக்கத்துக்குப் போனவள், இன்னும் திரும்பவில்லை. அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒரு சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள். நான் செய்தது, தினமும் ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், பார்க்கிங்கில் செக்யூரிட்டியோடு சண்டை போட்டது மட்டும்தான். பயத்தில் எனக்கு வேறு எதுவும் வரவில்லை. இப்போது அவளுக்கு ஒரு வயது ஆகப்போகிறது. கன்னம் தொங்குகிறது. யார் தூக்கினாலும் முதலில் முடியைப் பிடித்து இழுப்பாள்.

மேடவாக்கத்தைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன அம்மன் கோயில். அதுதான் தங்கை வீட்டுக் குலதெய்வம். கிளினிக்கில் கொடுத்த தளர்வான தொப்பியோடு இறங்கினேன். மனைவி குடை பிடித்தாள். அன்று காலை பொருக்கெல்லாம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டதாகவும், மூன்றடி தள்ளிப் பார்த்தால் சாதாரண மொட்டை மாதிரிதான் இருக்கிறது என்றும் அவள் தைரியம் சொல்லியிருந்தாள். கோயில் வாசலில் தொப்பியைக் கழற்றினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். என் தலையைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

"குழந்தைக்காக வேண்டிக்கிட்டியாடா?" என்றாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. திருப்பதிலயா போட்ட?"

கல்லூரிக்காகத் தயார் செய்து வைத்திருந்த பொய், கூப்பிடாமலே நாக்கின் நுனியில் வந்து நின்றது. நான் "ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்து செய்த வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மாமியார், இந்தக் காலத்தில் இப்படி ஒரு தாய்மாமன் யாருக்குக் கிடைப்பான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். மாப்பிள்ளையின் அண்ணன், என் சொற்பொழிவைக் கேட்ட அதே மனிதர், அடர்த்தியான தலையோடு வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. மனைவி என்னைப் பார்க்கவே இல்லை, குடையை மடக்குவதிலேயே கவனமாக இருந்தாள்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொட்டை போடுகிறவர் ஐம்பது வயதுக்காரர், மெல்லிய கை. என் தலையை ஒரு தரம் பார்த்தார், உதட்டோரம் ஏதோ அசைந்தது, வேலையைத் தொடங்கினார். குழந்தை முதலில் ஆச்சரியப்பட்டாள், பிறகு அலறினாள், பிறகு தண்ணீர் தெளித்ததும் சிரித்தாள். ஐந்து நிமிஷத்தில் என் மடியில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு அழகான மண்டையை நான் பார்த்ததில்லை. அம்மா சந்தனத்தைக் குழைத்து அந்த மண்டை முழுக்கப் பூசினாள். கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது.

"மாமனும் குனிடா," என்றாள். "ரெண்டு மொட்டைக்கும் நானே பூசறேன்."

இரண்டு கையிலும் குழந்தை. எழுந்து ஓட முடியாது. சந்தனம் அப்பிய அம்மாவின் உள்ளங்கை என் தலையை நோக்கி வந்துகொண்டிருந்தது. நர்ஸிடம் எண்ணெய் பற்றிக் கேட்டேன், ஹெல்மெட் பற்றிக் கேட்டேன், சந்தனத்தைப் பற்றி யார் கேட்பார்கள்? பேசாமல் இருந்தால் அம்மா அழுத்தித் தேய்ப்பாள், எட்டு மணி நேர வேலை கையோடு வந்துவிடும். பேசினால் அந்த "ம்" போய்விடும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் முடி போனால் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் முகம் அப்படி இருந்தது. ஆனால் அந்த முகத்தை நான் ஏமாற்றி வாங்கியிருந்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை.

"அம்மா, தொடாதே," என்றேன். "இது வேண்டுதல் இல்ல. முடி நட்டிருக்கேன். ஒன்பது நாள் ஆச்சு. நான் யாருக்கும் வேண்டிக்கல."

அம்மாவின் கை அப்படியே நின்றது. முதலில் வாயைத் திறந்தவர் மொட்டை போடுகிறவர்தான். கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க தொப்பிய எடுத்தப்பவே பாத்துகினேன் சார். பின்னாடி புள்ளி புள்ளியா கீதே. நீங்களா சொல்வீங்கன்னு வுட்டுட்டேன். அம்மா, கைய வெச்சிடாதீங்க, அல்லாம் வந்துடும்."

மாப்பிள்ளையின் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தலையைக் குனிந்தேன். அவர் கிட்டத்தில் குனிந்து, சொந்தத் தோட்டத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நல்லா நட்டிருக்காங்க மச்சான்," என்றார். "மூணாவது வாரம் கொட்டும், பயப்படாதீங்க. எனக்கும் கொட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். தயிர் சாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நன்றி என்றேன். யாரோ ஒருவர் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த சந்தனத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவள், அதை என் இரண்டு கன்னத்திலும் பூசினாள். கொஞ்சம் பலமாகவே பூசினாள்.

அடுத்தது காது குத்தல். பத்தர் தங்கக் கம்பியோடு வந்து உட்கார்ந்தார். வலது காதில் கம்பி ஏறியதும் குழந்தை வீறிட்டு, உடம்பை வில்லாக வளைத்து, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று இரண்டு கையையும் மேலே வீசினாள். மேலே இருந்தது என் தலை. அவள் விரல் நெற்றியைத் தொட்டுவிட்டது. என் கைகள் அவளைப் பிடித்திருந்தன, விட்டால் கம்பி எங்கே ஏறும் என்று தெரியாது. மனைவி எட்டாத தூரத்தில் இருந்தாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த என் தங்கை ஒரு கையைத் தன் பின்னலுக்குக் கொண்டுபோனாள். பூ வைத்த, முழங்கை நீளப் பின்னல். அதை ஒரு இழுப்பு இழுத்தாள். பின்னல் தனியாகக் கழன்று வந்தது. அதைக் குழந்தையின் இரண்டு கைகளிலும் திணித்தாள். குழந்தை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் கோபத்தையெல்லாம் அதில் காட்டினாள். பத்தர் இடது காதையும் முடித்துவிட்டார்.

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் தலையில் எலிவால் மாதிரி ஒரு சின்ன முடிச்சு இருந்தது. மற்றதெல்லாம் சவுரி.

"எனக்கும்தாண்ணா கொட்டுது," என்றாள். "அவ பொறந்ததுலேர்ந்து. கை கையா வருது. பயமா இருந்துது, யார்கிட்டயும் சொல்லல."

அவள் கணவரே அப்போதுதான் தெரிந்துகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வாயை மூடிக்கொள்ளத் தெரியாத எனக்காக, அவள் தன் ரகசியத்தைப் பிய்த்துக் கொடுத்து என் தலையைக் காப்பாற்றினாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும், கூடவே சிரிப்பும் வரும், ஏனென்றால் அந்தச் சவுரியை எங்களால் அன்று முழுவதும் குழந்தையிடமிருந்து திரும்ப வாங்கவே முடியவில்லை. சாப்பாட்டுப் பந்தியிலும் அதை இழுத்துக்கொண்டு தவழ்ந்தாள். புறப்படும்போது மொட்டை போட்டவர் என்னிடம், வளர்ந்ததும் ஒரு தடவை வாங்க சார், நானே எடுக்கறேன் என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரமே தங்கையை என் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படிக் கொட்டுவது சகஜம், பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடும் என்றார். ரத்தம் குறைவாக இருந்ததால் அதற்கு மாத்திரை கொடுத்தார். என் சொந்தத் தலை சொன்னபடியே மூன்றாவது வாரம் கொட்டியது. பயந்துபோய் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு போன் செய்தேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசிக்கொள்கிறோம். நான்காம் மாதம் முளைத்தது. பத்தாம் மாதம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டலூர் தாண்டியதும் காற்று வந்து மொத்தத்தையும் கலைத்தது. நான் கலையவிட்டேன். சீப்பை எடுக்கவில்லை. நின்றுகொண்டு வருகிற அந்த இருவரில் ஒருவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது அவர் கேட்காமலே டாக்டரின் முகவரியைச் சொன்னேன்.

எல்லாம் நன்றாக இருந்தும் அந்த "ம்" மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் செய்யாத ஒன்றுக்காக அம்மா ஐந்து நிமிஷம் என்னைப் பார்த்த பார்வை உள்ளே அப்படியே இருந்தது. ஒரு வருஷம் முடிந்து கடைசியாக டாக்டரைப் பார்க்கப் போனபோது, இதை மொட்டை அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேர் உள்ளே இருக்கிறது, மறுபடி வளரும், ஆனால் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார்.

மனைவியிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த முறை சாமியை இழுக்கலாம் என்றாள்.

குழந்தையின் இரண்டாவது பிறந்தநாளுக்கு அதே கோயில், அதே மனிதர், அதே மெல்லிய கை. என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக வந்தார். இந்தத் தடவை அவர் கத்தி என் தலையில் ஓடியது. நட்டது, நடாதது எல்லாம் ஒன்றாக மடியில் விழுந்தன. சுருட்டை முடியும் இரண்டு காதிலும் கம்மலுமாக என் மருமகள், தன் முடி தனக்கு வந்துவிட்ட என் தங்கையின் இடுப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அம்மா கிண்ணத்தோடு வந்தாள். பக்கத்தில் வந்ததும் கை தயங்கியது.

"பூசலாமாடா?" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்தேன். அம்மா அழுத்தித் தேய்த்துப் பூசினாள். சந்தனம் ஜில்லென்று இருந்தது.